வாடகைக் கோட்டில் உத்தியோகம் தேடினவர்கள்

தையற்காரனுக்கு அளவு எடுப்பதுதான் தொழில் என்பார்கள்; சேலத்தில் கலெக்டர் கச்சேரிக்கு எதிரே கடை போட்ட எனக்கோ கோட்டு வாடகைக்கு விடுவதே பாதித் தொழிலாகப் போயிற்று. அந்தக் காலத்தில் கோட்டு இல்லாமல் துரை முன்னால் நின்றால் வேலை கிடைக்காது என்பது படித்த பிள்ளைகளுக்கு வேதவாக்கு. ஒரு வக்கீல் தைக்கக் கொடுத்துவிட்டு வாங்க வராமலே போன கறுப்புக் கோட்டு என்னிடம் இருந்தது. இரவல் கொடுத்துப் பட்டவர்களே, என் கஷ்டம் உங்களுக்குத்தான் புரியும்.

முதுகைக் காட்டாதே

எடப்பாடி நெசவுக்காரர் மகன் செல்லமுத்து குமாஸ்தா வேலை இன்டர்வியூவுக்குக் கோட்டுக் கேட்டு வந்தான். தை பிறப்பதற்குள் கச்சேரி உத்தியோகம் கிடைத்தால்தான் மாமன் மகள் அவனுக்கு. இல்லாவிட்டால் வேறு இடத்தில் கொடுத்துவிடுவார்களாம். வக்கீல் தொந்திக்காரர், இவனோ ஒட்டடைக்குச்சி. முதுகுப் பக்கம் துணியை மடித்து ஊசி குத்தி, தப்பித்தவறியும் துரைக்கு முதுகைக் காட்டிவிடாதே என்று அனுப்பினேன். பாவி, கும்பிட்டபடியே பின்னால் நடந்து, நாற்காலியோடு விழுந்தானாம். நெளிந்துகொண்டே வந்து சொன்னான்: "தொரையே கையப் புடிச்சு எந்திரிக்க வெச்சாருங்க. வேலை மட்டுந்தானுங்க குடுக்கல."

ஒரு கோட்டு, இரண்டு பேர்

அடுத்த இன்டர்வியூ அன்றைக்கு மோகனூர்ப் பையன் ஒருவனும் வந்து நின்றான். இல்லையென்று சொல்ல எனக்கு வாய் வராது. கச்சேரி வேப்பமரத்தடியில் மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். செல்லமுத்து போய் வெறுங்கையோடு வந்தான். பின்னால் போன மோகனூரான் கோட்டைக் கழற்றி என் மேலேயே போட்டான்: "இந்தக் கோட்டு மூணாந்தரமா வருது, வேணும்னா அதுக்கு வேலை போட்டுத் தாரேங்கறாருங்க தொரை."

கோட்டு வராத நாள்

மார்கழி முடியப் போகிறது. கடைசி இன்டர்வியூ. கோட்டை வாங்கிப் போன வெண்ணந்தூர் ஆசாமி ஆளையே காணோம். செல்லமுத்து அழுதேவிட்டான். இருக்கிறபடியே போ என்று தள்ளிவிட்டேன். வேட்டி சட்டையோடு போய் வாசலில் நின்றவனைத் துரை சேவகன் என்று நினைத்து, தான் வாசிக்கிற பேரை ஒவ்வொன்றாகக் கூப்பிடச் சொன்னாராம். மாட்டேன் என்று சொல்லத் தைரியம் ஏது? எல்லாரையும் கணீரென்று கூப்பிட்டான். கடைசியில் துரை வாசித்தது இவன் பேரை. அதையும் அதே குரலில் கூப்பிட்டுவிட்டு இவனே உள்ளே போனான்! துரைக்குச் சிரிப்பு அடங்கவில்லையாம். குமாஸ்தா வேலை யாருக்கோ போயிற்று. இவனுக்கு வாசல் சேவகன் வேலை கிடைத்தது.

சேவகனுக்கா பெண் கொடுப்பார்கள் என்று நான் பயந்துகொண்டிருந்தபோது, கல்யாண ரவிக்கைத் துணியோடு மாமனே கடைக்கு வந்தார். மெதுவாக விஷயத்தைத் தொட்டேன். அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: "குமாஸ்தா கெடக்கறானுங்க. தொரையப் பாக்கோணும்னா, எவனா இருந்தாலும் எங்க மாப்பளயத்தானுங்களே மொதல்ல பாக்கோணும்?"

கோட்டில்லாமல் போனவனுக்குத்தான் வேலை கிடைத்தது என்ற செய்தி வெளியே பரவாமல் பார்த்துக்கொள்வதே அதற்கப்புறம் எனக்கு முழுநேர உத்தியோகமாயிற்று.