பாண்டுப் சபையில் அம்மாவின் தமிழ்

எங்களைப் பாண்டுப் சபைக்கு முதலில் இழுத்தது பக்தி அல்ல, ஏசி.

அது மே மாதம். திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர்களான நாங்கள் சர்ச் என்பதைக் கோயில் என்றுதான் சொல்வோம். மும்பை தாராவியில் எங்கள் கோயிலில் இருந்த மின்விசிறிகளில் பாதி சுற்றாது. சுற்றுகிற பாதியும் பாடகர் குழுவுக்கு மேலே தொங்கும். பிரசங்கம் முடிவதற்குள் சட்டை முதுகோடு ஒட்டி, பெஞ்சும் சட்டையோடு ஒட்டிவிடும். செம்பூரில் ஓர் ஆபீசில் வேலை பார்க்கும் என் மனைவியிடம், அவளோடு வேலை செய்கிற பெண் ஒருத்தி சொல்லியிருக்கிறாள்: பாண்டுப்பில் ஒரு சபை இருக்கு, உள்ளே போனால் ஃப்ரிட்ஜுக்குள் போன மாதிரி இருக்கும் என்று.

அம்மா உடனே சம்மதிக்கவில்லை. ஞானஸ்நானம் எடுத்த நாள் முதல் ஒரே மாதிரிக் கோயிலில், ஒரே மாதிரிப் பெஞ்சில் உட்கார்ந்து பழகியவள். ஆனால் சர்க்கரை வியாதிக்காரி.

"அங்கன பாத்ரூம் உண்டாம்மா?" என்று மருமகளைக் கேட்டாள்.

"பழைய மால், அத்தை. மாடிக்கு மாடி இருக்கு."

"அப்பம் போவோம்."

சயானில் ஸ்லோ லோக்கல் ரயில் பிடித்துப் போனோம். வியாபாரம் படுத்துப்போன மால் ஒன்றைச் சபைக்காரர்கள் எடுத்திருந்தார்கள். எஸ்கலேட்டர் இன்னும் ஓடியது. பிள்ளைகளின் ஞாயிறு வகுப்பு நடந்த அறைக்கு மேலே செருப்புக் கடையின் பெயர்ப்பலகையைக் கழற்றிய தடம் அப்படியே இருந்தது. வாசலில் கறுப்பு டீ-சர்ட் போட்ட பையன்களும் பெண்களும் வரிசையாக நின்று, "வெல்கம் ஹோம்! வெல்கம் ஹோம்!" என்று கை தட்டினார்கள்.

"என்னல சொல்லுதான்?"

"வீட்டுக்கு வாங்கன்னு சொல்றான்மா."

"நம்ம வீடு தாராவியிலல்லா இருக்கு," என்று அம்மா முன்னால் நின்ற பையனுக்கே தமிழில் விளக்கினாள். அவன் "யெஸ் ஆண்டி, ஆமென்!" என்று அவளைக் கட்டிக்கொண்டான். அம்மாவை அப்படிக் கட்டிக்கொள்ள அப்பாகூடத் துணிந்ததில்லை.

உள்ளே நுழைந்ததும் விளக்குகளை அணைத்தார்கள். அம்மா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். கரண்ட் போய்விட்டது என்று நினைத்திருக்கிறாள். பிறகு டிரம்ஸ் முழங்க, நீலம், ஊதா என்று விளக்கு எரிய, எத்தனை ஆயிரம் பேரோ எழுந்து நின்று குதித்தார்கள். மேடையில் கிழிந்த ஜீன்ஸ் போட்ட பாடகர், பரலோகத்து அக்கினி இறங்கட்டும் என்று இங்கிலீஷில் உருகிக்கொண்டிருந்தார். சரியாக அந்த நேரத்தில் மேடையின் இரண்டு பக்கமும் புகை விட்டார்கள்.

தாராவியில் வாழ்கிறவர்களுக்குப் புகை என்றால் ஒரே அர்த்தம்தான். ஒரு குடிசையில் பிடித்தால் ஒரு சந்தே போய்விடும். அம்மா தொண்டை கிழியக் கத்தினாள்.

"தீ! தீ! ஏ, ஆக் லக் கயா! ஃபயர்! ஃபயர்!"

முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஓடுவார்கள் என்று நான் நினைத்தேன். அவர்கள் கண்ணை மூடிக் கையை உயர்த்தி, "ஃபயர்! ஃபயர்!" என்றார்கள். அது பக்கத்து வரிசைக்குப் பரவியது, அங்கிருந்து பால்கனிக்கு. பாடகர் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டினார். மொத்த மாலும் "ஃபயர்! ஃபயர்!" என்று அதிர்ந்தது.

"தீப்பிடிச்சிருக்குங்கேன், கையத் தூக்கிக்கிட்டு நிக்கானுவளே சவங்க!" என்று அம்மா அழுதேவிட்டாள். மனைவியும் நானும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தோம். பார்க்கிறவர்களுக்கு அது நாங்கள் மூவரும் கைகோத்து ஜெபிப்பதுபோல் இருந்திருக்க வேண்டும். கேமராக்காரர் அம்மாவைப் பிடித்தார். மேடைக்குப் பின்னால் இருந்த திரையில், எங்கள் சந்தில் உள்ள எந்த வீட்டைவிடவும் பெரிதாக, கண்ணீர் வழியும் அம்மாவின் முகம் வந்தது. கூட்டம் ஆர்ப்பரித்தது. அம்மா திரையைப் பார்த்தாள், அழுகையை நிறுத்தினாள், சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

வெளியே வந்தபோது நாலைந்து பேர் அவளிடம் ஜெபிக்கச் சொல்லித் தலையைக் குனிந்தார்கள். அவளும் கையை வைத்து அனுப்பினாள். ரயில் குர்லா தாண்டியதும், "பாத்ரூம் நல்ல சுத்தமா இருக்கு. டிஷ்யூ பேப்பர்லாம் வச்சிருக்கான்," என்றாள். அடுத்த வாரமும் போவது என்று அதிலேயே முடிவாகிவிட்டது.

கேலியாகவே சொல்லிக்கொண்டு போகிறேன், ஆனால் எங்களுக்கும் அங்கே பிடித்துத்தான் போனது. தாராவிக் கோயிலில் வருஷக்கணக்காக என் பக்கத்தில் உட்கார்ந்தவர் என்னிடம் பேசிய ஒரே வார்த்தை "தள்ளி உக்காருங்க." இங்கே காபி கொடுத்த பெண், என் மனைவிக்குப் பல்வலி இருந்ததை மறுவாரமும் ஞாபகம் வைத்துக் கேட்டாள். மனைவி அன்று முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். யார் வீட்டுப் பிள்ளை, எந்த ஊர், எந்தத் தெரு என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. ஒவ்வொரு மாதமும் கூட்டம் ஒரு மாடி ஏறியது. ஒருநாள் காபி மெஷினுக்குப் பின்னால் எங்கள் கோயில் கமிட்டி உறுப்பினர் பதுங்கி நின்றதைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை என்று தீர்மானித்துக்கொண்டோம்.

அம்மாவுக்கு ஒரே குறைதான், பிரசங்கம் இங்கிலீஷில். அதற்கும் வழி வைத்திருந்தார்கள். காதில் மாட்டும் ஒரு கருவி கொடுப்பார்கள்; பின்னாலுள்ள கண்ணாடி அறையிலிருந்து ஒரு பெண் தமிழில் மொழிபெயர்ப்பாள். பாவம், அவள் முலுண்டில் பிறந்து வளர்ந்த காலேஜ் பெண். வீட்டில் அம்மா அப்பாவோடு பேசும் தமிழ்தான் தெரியும், எழுத்துக்கூட்டிப் படிக்க வராது.

ஒரு ஞாயிறு பாஸ்டர், கடவுள் உங்களை நெக்ஸ்ட் லெவலுக்குக் கொண்டு போவார் என்றார். அம்மாவின் காதில், "கர்த்தர் உங்கள அடுத்த மாடிக்குக் கூட்டிட்டுப் போவாரு," என்று வந்தது.

"இதுக்கே மூட்டு வலிக்கி," என்றாள் அம்மா.

பிறகு பாஸ்டர், தடை உடைந்து வழி திறக்கும் என்ற அர்த்தத்தில், பிரேக்-த்ரூ என்றார். அந்தப் பெண் கொஞ்சம் யோசித்துவிட்டு, "கர்த்தர் உங்கள... ஒடச்சிருவாரு," என்றாள்.

அம்மா எழுந்துவிட்டாள். நான் பாத்ரூமுக்கு என்று நினைத்தேன். நேராகக் கண்ணாடி அறைக்குப் போய்க் கதவைத் தட்டினாள். கருவி என் காதிலும் இருந்ததால் எல்லாம் கேட்டது.

"யம்மா, ஆண்டவர் எதுக்கும்மா எங்கள ஒடைக்கணும்?"

"ஆண்டி, மைக் ஆன்ல இருக்கு!"

"இருக்கட்டும். அவன் என்ன சொல்லுதான்னு நீ எங்கிட்ட மெதுவா சொல்லு, நான் சொல்லுதேன்."

அன்று அம்மா உட்கார்ந்த நாற்காலியிலிருந்து பிறகு ஒருவராலும் அவளை எழுப்ப முடியவில்லை. அந்தப் பெண் இந்தி பாதி தமிழ் பாதியாகக் காதில் கிசுகிசுப்பாள். அம்மா அதை மைக்கில் சொல்வாள். எங்கள் கோயிலில் கேட்டுக் கேட்டு மனப்பாடமான வேதத் தமிழும், வீட்டில் எங்களைத் திட்டுகிற தமிழும் கலந்து வரும். பாஸ்டர் சுருக்கமாகச் சொன்ன இடங்களில் அம்மாவே கொஞ்சம் சேர்த்துக்கொள்வாள். ஒருமுறை அவர் கடலில் புயல், படகில் ஆண்டவரும் சீஷர்களும் என்று ஆரம்பித்து, லீடர்ஷிப் பற்றிப் பேசப் போய்விட்டார். அம்மா படகை விட்டு இறங்கவில்லை.

"சயான்ல மழத்தண்ணி நின்னுச்சே, பஸ்ஸுக்குள்ள ஏறுச்சே, அந்த மாதிரின்னு வச்சிக்கிடுங்க. இவரு என்னமோ டீம் டீம்ங்காரு, அத விடுங்க. படகுல தண்ணி ஏறுது, ஆண்டவரு தூங்குதாரு. எப்படித் தூக்கம் வந்துச்சுங்கேன்? பகல் பூரா சனங்கள் அவரப் போட்டுப் பிச்சி எடுத்துருக்கு, பாவம்."

மண்டபத்தின் இடது மூலையில், தமிழ்க் கருவி மாட்டியவர்கள் மட்டும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பாஸ்டர் அதற்குள் காணிக்கைக்கு வந்திருந்தார். அவர் பேச்சை நிறுத்தி அந்த மூலையைப் பார்த்தார். தன் ஜீன்ஸ் ஜிப்பையும் ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டார்.

அம்மா மைக் பிடித்த மூன்றாவது வாரம் அவர் கண்ணாடி அறைக்கே வந்துவிட்டார். நானும் ஓடினேன். ஆண்டி மைக்கில் என்ன சொல்கிறார் என்று அந்தப் பெண்ணிடம் இங்கிலீஷில் கேட்டார். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை, எல்லாவற்றையும் திருப்பி மொழிபெயர்த்தாள், 'அத விடுங்க' உட்பட. பாஸ்டர், படகில் ஆண்டவர் எப்படித் தூங்கினார் என்பதற்கு ஆண்டி சொன்ன காரணத்தை இன்னொருமுறை சொல்லச் சொன்னார். மாலை ஆராதனையில் இங்கிலீஷிலும் அதையே சொன்னாராம். எடுபட்டதாம்.

இந்தச் செய்தி தாராவிக்குப் போகாமல் இருக்குமா? எங்கள் ஐயர், அதாவது கோயில் போதகர், ஒரு ஞாயிறு லீவு போட்டுவிட்டு, அங்கியில்லாமல் கட்டம் போட்ட சட்டையும் கறுப்புக் கண்ணாடியுமாகப் பாண்டுப்புக்கு வந்தார். வாசலில் அவரையும் கட்டிக்கொண்டார்கள். கருவியை மாட்டிக்கொண்டு கடைசிவரை இருந்தார். முடிந்ததும் எங்களிடம் வந்து கண்ணாடியைக் கழற்றினார். அம்மா பதறிப்போய்த் தலையில் முக்காட்டை இழுத்துவிட்டாள்.

"பிரசங்கம் நல்லா இருந்துது," என்றார் ஐயர். "அதுல அவரோடது எவ்வளவு, ஒங்களோடது எவ்வளவு?"

"பாதிக்குப் பாதி இருக்கும், ஐயா."

அவர் சிரிக்கவில்லை. காபிக் கோப்பையைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே, "நம்ம கோயில்லயும் பெண்கள் ஞாயிறு வருது, அன்னிக்குப் பெண்கள்தான் பிரசங்கம். நீங்க ஒரு செய்தி குடுக்கலாமே. இத்தன வருசம் ஒங்கள யாரும் கேட்டதே இல்ல," என்றார்.

அம்மாவுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. ஆனாலும் யோசித்துத்தான் பதில் சொன்னாள்.

"காலம்பற முத ஆராதனன்னா வாரேன், ஐயா. பத்து மணிக்கு மேல எனக்கு இங்க டூட்டி."

இப்போது என் மனைவியும் நானும் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை தூங்கிவிடுகிறோம். கதவு சாத்துகிற சத்தத்தில் புரண்டு படுப்போம். அம்மா தாராவிக் கோயிலுக்குப் போய்விட்டு, அப்படியே சயானில் லேடீஸ் டப்பாவில், அதாவது பெண்கள் பெட்டியில், ஏறி, பாண்டுப்புக்குப் போகிறாள். அந்த முலுண்டுப் பெண்ணுக்கு மதிய வேளையில் 'அ, ஆ' எழுதச் சொல்லித்தருகிறாளாம். அதற்குப் பதிலாக அந்தப் பெண் எஸ்கலேட்டரில் ஏற அம்மாவுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறாள். ஏறத்தான் வருகிறதாம், இறங்க இன்னும் வரவில்லை.