இருட்டில் அக்கா பார்த்தது

நினைவு மலர்களை நான் நிறைய வாசித்திருக்கிறேன். அவற்றில் எல்லோரும் புன்னகை மாறாமல் வாழ்ந்து, யார் மனதையும் நோகடிக்காமல் போய்ச் சேருகிறார்கள். எனக்கு அதில் ஒரு வார்த்தையிலும் நம்பிக்கையில்லை. என் அக்காவுக்கு நன்றாகக் கோபம் வரும். காப்பி ஆறியிருந்தால் டம்ளரை வைக்கிற சத்தத்திலேயே தெரிந்துவிடும். ஓராண்டாக அந்தச் சத்தம் இல்லாமல் வீடு வீடாக இல்லை. ஆகவே அக்காவைப் பற்றி, கூடப் பிறந்தவளாக எனக்குத் தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது பாலக்காட்டுப் பக்கம். நடக்கத் தொடங்கிய வயதில் பம்பாய்க்கு வந்தவருக்கு மாதுங்காதான் ஊர், மாதுங்காதான் உலகம். எங்கள் அப்பா ரயில்வேயில் தணிக்கைப் பிரிவில் இருந்தார். சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்கியவர், அதை ஆபீஸோடு விட்டுவிட்டு வரவில்லை. கிங்ஸ் சர்க்கிளில் காப்பிக்கொட்டை அரைக்கக் கொடுத்தால், சிக்கரி கலந்துவிடுவார்கள் என்று மெஷின் பக்கத்தை விட்டு நகரமாட்டார். வாசல் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு மாடிப்படி இறங்குவார், பாதியில் மறுபடி ஏறி வந்து இழுப்பார். அந்த ரத்தம்தான் எனக்கும். அக்காவுக்கு மட்டும் எப்படியோ அது வரவில்லை.

அறுபதுகளின் நடுவில் அக்கா கோட்டைப் பகுதியில் ஒரு கப்பல் கம்பெனியில் டைப்பிஸ்டாக இருந்தார். ஒரு நாள் வேலை முடிந்து வந்து, செருப்பைக் கழற்றிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார்: வேலை பார்ப்பவர்களுக்காக ஒரு கல்லூரியில் மாலை வகுப்பு நடக்கிறது, உலக நாடுகளின் கலை வரலாறு, ஒரு வருஷம், கடைசியில் பரீட்சை உண்டு, சேர்ந்துவிட்டேன்.

"கலை வரலாறுன்னா என்னடி?" என்றார் அப்பா.

"எகிப்து, கிரேக்கம், சைனா, எல்லா தேசத்துச் சிலையும் சித்திரமும்ப்பா. ஸ்லைட் போட்டுக் காட்டுவா."

"எங்க காட்டுவா?"

"கிளாஸ்ல. லைட்டை அணைச்சுட்டு."

அப்பா பேப்பரை மடித்து வைத்தார். "இருட்டுல உக்காந்துண்டு என்ன படிப்பு? படிக்கறதுக்கு வெளிச்சம் வேண்டாமோ?"

"லைட்டை அணைச்சாத்தானேப்பா படம் தெரியும்."

அந்தப் பதில் எங்கள் வீட்டில் எடுபடவில்லை. கல்யாண வயதில் பெண், ஆண்களும் பெண்களுமாக ஒரு அறை, அதில் விளக்கையும் அணைப்பார்களாம். அம்மா சாப்பாட்டைக் குறைத்தார். அக்கா பேச்சைக் குறைத்தார். கடைசியில் அப்பா ஒரு வழி கண்டுபிடித்தார். வகுப்பு உள்ள நாட்களில் அவரும் கூடப் போவார், அக்காவுக்குத் தெரிந்தவராகக் காட்டிக்கொள்ளாமல் கடைசி வரிசையில் உட்காருவார், முடிந்ததும் பஸ்ஸில் அழைத்துவருவார். பக்கத்தில் உட்கார்ந்தால் எல்லோரும் ஜாக்கிரதையாகிவிடுவார்களாம். தணிக்கைக்காரர் மூளை அப்படித்தான் போகும்.

கறுப்புத் தொப்பி, பழுப்பு மப்ளர், மூங்கில் பிடி போட்ட குடை, இவற்றோடு அப்பா உலகக் கலை படிக்கப் போனார். பாடம் நடத்தியவர் வயதான ஒரு பார்சி அம்மையார். அது அப்பாவுக்குக் கொஞ்சம் நிம்மதி. கிரேக்கச் சிலைகள் வந்த அன்று, துணியில்லாத ஆண் ஒருவன் சுவர் உயரத்துக்குத் திரையில் நின்றானாம். அப்பாவின் குடை கீழே விழுந்ததாம். அந்த அம்மையார் திரும்பிப் பார்த்துவிட்டு, அவன் எந்தக் காலில் பாரத்தைப் போட்டு நிற்கிறான் என்று விளக்கினாராம். இதெல்லாம் அக்கா சொல்லித்தான் தெரியும். அப்பா வீட்டுக்கு வந்து கேட்டது வேறு: "அந்தச் சாம்பல் கோட்டுக்காரன் யாரு? ஒரு வரி எழுதமாட்டேங்கறான். படத்தையும் பாக்கமாட்டேங்கறான்."

அக்காவுக்கு எந்தக் கோட்டுக்காரனையும் தெரியவில்லை. தெரியாது என்று சொன்னதே அப்பாவுக்கு இன்னும் சந்தேகமாகிவிட்டது.

அப்பா ஜுரத்தில் படுத்தபோது அந்தக் காவல் என் தலையில் விழுந்தது. விளக்கு அணைந்ததும் நான் சாம்பல் கோட்டைத் தேடினேன். இருந்தார், ஓரமாக. அவர் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு காலியாக இருந்த அப்பாவின் நாற்காலியைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அன்று திரையில் எந்த தேசம் வந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அக்காவின் முகத்தில் மட்டும் அதன் வெளிச்சம் மாறி மாறி விழுந்துகொண்டிருந்தது. அந்த அறையில் நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்க, அக்கா ஒருவர்தான் படம் பார்த்தார்.

தாணேயிலிருந்து ஒரு வரன் சில மாதமாகவே பேச்சில் இருந்தது. அம்மாவின் தம்பி, சுனாபட்டி மாமா, கொண்டுவந்த சம்பந்தம். பையன் பாங்க் வேலை, ஜாதகம் பொருந்தியாயிற்று, பெண் பார்க்க நாள் குறிக்க வேண்டியதுதான் பாக்கி. பரீட்சை நெருங்கும் சமயத்தில் திடீரென்று அங்கிருந்து பேச்சே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா ஜாதகத்தைத் திருப்பிக் கொண்டுவந்தார். காப்பியைக்கூடத் தொடவில்லை.

"அத்திம்பேர், எப்படிச் சொல்றதுன்னு தெரியல்லே. விசாரிச்சாளாம். பொண்ணு சாயங்காலத்துல ஒரு வயசானவரோட சுத்தறாளாம். ஒரே எடத்துக்கு வராளாம், தெரியாதவா மாதிரி தனித்தனியா உக்காந்துக்கறாளாம், முடிஞ்சதும் ஒரே பஸ்ஸுல ஏறிப் போறாளாம்."

அம்மா சுவரில் சாய்ந்துவிட்டார். அப்பா எழுந்தார். அவர் முகம் அப்படிச் சிவந்து நான் பார்த்ததில்லை. அக்காவைப் பார்த்து அவர் கேட்டது இதுதான்:

"யாரடி அந்தக் கிழவன்?"

 அக்கா உள்ளே போய் மப்ளரை எடுத்துவந்து அப்பாவின் தோளில் போட்டார். ஆணியிலிருந்த கறுப்புத் தொப்பியை எடுத்து அவர் தலையில் வைத்தார். கதவுக்குப் பின்னாலிருந்த குடையை அவர் கையில் கொடுத்தார். பிறகு சமையலறைக்குள் போய் அழுதார். அக்கா அழுது நான் பார்த்தது மிகக் குறைவு. அன்றைய அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது.

மாமா விஷயத்தைத் தாணேக்குச் சொன்னார். அவர்கள் மறுவாரமே பழம், பூவோடு வந்தார்கள். கூடவே, அவர்கள் சார்பில் விசாரித்த உறவுக்காரரும் வந்தார், அதே சாம்பல் கோட்டில்.

"நீங்களா?" என்றார் அவர்.

"உங்களைப் பத்திப் போலீஸ்ல சொல்லலாம்னு இருந்தேன்," என்றார் அப்பா. "ஏன் ஸ்வாமி, இத்தனை நாள் ஒரே ரூம்ல உக்காந்திருந்தோமே. யாருன்னு என்னை ஒரு வார்த்தை நேராக் கேட்டிருக்கப்படாதா?"

"விசாரிக்கறதுன்னா நேரா கேப்பாளா ஸ்வாமி? உலகத்துல இல்லாத வழக்கமா இருக்கே."

 பையனின் அம்மா இனிமையாகவே பேசினார். தவறு நடந்துவிட்டது, பெண்ணைப் பிடித்திருக்கிறது, கல்யாணத்தைச் சீக்கிரம் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த இருட்டு கிளாஸ் மட்டும் நாளையோடு நின்றுவிட வேண்டும், பரீட்சையெல்லாம் எதற்கு.

அம்மா அப்பாவைப் பார்த்தார். எங்கள் வீட்டில் அப்போதெல்லாம் இந்த மாதிரி வரனை யாரும் விடமாட்டார்கள். அக்காவின் ஒரு வருஷப் படிப்பு அந்தப் பழத்தட்டின் மேல் இருந்தது. அப்பா வந்தவர்கள் முன்னிலையிலேயே அக்காவிடம் திரும்பினார்.

"நான் உன்னை இது கேக்கவே இல்லை. எதுக்கு இதைப் படிக்கறே?"

அக்கா சொன்னார்: "ஆபீஸ்ல தினம் ஊர் பேரா டைப் அடிக்கறேன்ப்பா. அலெக்ஸாண்ட்ரியா, நேப்பிள்ஸ், யோகஹாமா. எல்லாம் எனக்கு வெறும் எழுத்து. அங்க மனுஷா என்ன பண்ணி வச்சிருக்கான்னு பாக்கணும்னு தோணித்து. அவ்வளவுதான்."

அப்பா வந்தவர்களைக் கைகூப்பி வணங்கினார். "பரீட்சை எழுதட்டும். அதுவரை காத்துண்டிருக்க முடியும்னா வாங்கோ," என்றார். அவர்கள் காத்திருக்கவில்லை.

அடுத்த வகுப்பு நாளில் அப்பா குடையைத் தொடவில்லை. "இனி நான் எதுக்கு? நீயே போயிட்டு வா," என்றார். அக்கா வாசல்வரை போய்த் திரும்பினார். "வாங்கோப்பா. இன்னிக்கு ஜப்பான்." அப்பா போனார். அன்று அவர் கடைசி வரிசையில் உட்காரவில்லை என்று அக்கா பிறகு சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்து, அலையை வரைந்தவனுக்கு அது நிற்காதே, எப்படிப் பார்த்து வரைந்தான் என்று அந்த அம்மையாரிடம் எழுந்து கேட்டாராம்.

அக்கா பரீட்சையில் தேறினார். ஓய்வு பெறும்வரை அதே கம்பெனியில் உழைத்தார், அம்மா அப்பாவைக் கடைசிவரை தாங்கினார். சில வருஷம் கழித்துத் தன் கணவரை, என் அத்திம்பேரை, தாமாகவே தேர்ந்தெடுத்தார். இவ்வளவு பொறுமையான மனிதர் இருக்க முடியாது என்று அவரை நான் வெகுகாலம் நம்பவில்லை. கல்யாணத்துக்கு அவர் தந்த பரிசு, திருட்டுச் சந்தை என்று பேரெடுத்த சோர் பஜாரில் வாங்கிய பழைய ஸ்லைட் மெஷின். திருட்டுச் சாமானாக இருக்கும் என்று சொன்னவளும் நான்தான். அவர்கள் குடியேறிய செம்பூர் வீட்டில் அந்த மெஷின் இன்றும் ஓடுகிறது. வெளிநாடு எதற்கும் அக்கா போனதில்லை. அந்த ஊர்களெல்லாம் அவர் வீட்டுச் சுவருக்கு வந்து போயின.

கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில், டாக்டர்கள் எதையோ மறைக்கிறார்கள் என்று நான் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மத்தியானம் அக்கா என் கையைத் தட்டினார். "என்னத்தப் பாத்துண்டிருக்கே எல்லார் மூஞ்சியையும்? ஜன்னல் திரையை இழுத்துவிடு. லைட்டை அணை." அணைத்தேன். எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். என்ன தெரிகிறது என்று நான் கேட்கவில்லை. நானும் அந்தச் சுவரைத்தான் பார்த்தேன்.

அக்காவை இரவும் பகலும் கவனித்துக்கொண்ட செவிலியருக்கும், செம்பூர் அண்டை வீட்டாருக்கும், காரியங்களை முன்னின்று நடத்திய சுனாபட்டி மாமாவின் பிள்ளைகளுக்கும், நாற்காலியில் அமர்ந்தபடியே எல்லாவற்றையும் சரிபார்த்த அத்திம்பேருக்கும் எங்கள் நன்றி. இன்று எங்கிருந்தாலும், அந்தத் தாணே குடும்பத்துக்கும்.

இந்த முதலாண்டு நினைவு நாளில், சாப்பாட்டுக்கு முன் அக்கா சேர்த்து வைத்த படங்கள் அதே மெஷினில் காட்டப்படும். விளக்குகளை அணைப்போம். வந்திருக்கும் உறவினர்கள் யாரும் தயவுசெய்து பக்கத்தில் இருப்பவரைப் பார்க்க வேண்டாம். எதிரே பாருங்கள்.