நெல் மண்டிக்காரிக்கு ஒரு மாலை

காதல் கதை எழுதுகிறேன் என்று சொன்னால் ஜனங்கள் இரண்டு விதமாகப் பார்க்கிறார்கள். இலக்கியம் படிக்கிறவர்கள், நான் ஏதோ கலப்பட எண்ணெய் விற்கிறவள் மாதிரி என்னைப் பார்ப்பார்கள். மற்றவர்கள் என் வீட்டுக்காரரைப் பார்ப்பார்கள். அந்த மனிதரோ இன்றுவரை நான் எழுதியதில் ஒரு வரி படித்ததில்லை. "இன்னா, உன் ஹீரோ இன்னிக்கும் பெரிய கார்ல வந்து எறங்கிட்டானா?" என்று கேட்டுவிட்டு டிவியைப் போட்டுக்கொள்வார். அதோடு சரி.

செங்கல்பட்டில் ரிஜிஸ்டர் ஆபீசுக்கு எதிரே ஒரு டைப்பிங் சென்டரில் எனக்கு வேலை. பகலெல்லாம் பத்திரம், மனு, திருமணப் பதிவு விண்ணப்பம். ஆள் வராத நேரத்தில் அதே கம்ப்யூட்டரில் கதை. புனைபெயரில் ஓர் இணையதளத்தில் வாரத்துக்கு இரண்டு அத்தியாயம் போடுகிறேன். அங்கே அதற்கு யூடி என்று பெயர். போட்ட பத்தாவது நிமிடம், "சூப்பர் சிஸ், அடுத்த யூடி எப்போ சிஸ்?" என்று வந்துவிடும். மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டு எழுதியதை மூன்று நிமிடத்தில் தின்றுவிட்டு இலையைத் தட்டுகிறார்கள். கதை முடிந்தால், "பிடிஎஃப் இருக்கா சிஸ்?" புத்தகமாக வந்திருக்கிறது, வாங்கிப் படியுங்கள் என்றால் அந்தப் பக்கம் மூச்சு பேச்சே இருக்காது.

சத்தியமாகச் சொல்கிறேன், வாசகர்களையாவது பொறுத்துக்கொள்ளலாம். என் கதைகளைப் புத்தகமாகப் போடுகிற பதிப்பாளர் சென்னையில் இருக்கிறார். நல்ல மனிதர்தான், நேரில் போனால் டீ வாங்கித் தருவார். ஆனால் ஹீரோ ஆறடிக்குக் குறையக்கூடாது. அவன் கம்பெனி வைத்திருக்க வேண்டும். என்ன கம்பெனி என்று சொல்ல வேண்டியதில்லை. கை நீட்டுகிறவனாகக்கூட இருக்கலாம், கடைசியில் அழுதால் போதும். தலைப்பில் உயிரோ நெஞ்சமோ கட்டாயம் வர வேண்டும். அட்டையில் சிரிக்கிற பெண் செங்கல்பட்டு ஜில்லாவை வரைபடத்தில்கூடப் பார்த்திருக்க மாட்டாள். இப்படியே பன்னிரண்டு புத்தகம் வந்துவிட்டது. பன்னிரண்டிலும் கல்யாணம். பகலில் விண்ணப்பத்தில் கல்யாணம், மிச்ச நேரத்தில் கதையில் கல்யாணம். எனக்கு மாலை வாசனை பட்டாலே தலைவலி வர ஆரம்பித்தது.

அதனால்தான் பதின்மூன்றாவது கதையில் பிடிவாதமாக ஒரு காரியம் செய்தேன். அச்சரப்பாக்கத்தில் நெல் மண்டி நடத்துகிற முப்பத்தெட்டு வயதுப் பெண்தான் கதாநாயகி. லாரிக்காரர்களோடு மல்லுக்கு நிற்பாள். நல்லவன் ஒருவன் வந்து கட்டிக்கொள்கிறேன் என்பான். அவளுக்கும் அவனைப் பிடிக்கும், ஆனாலும் மாட்டேன் என்றுவிடுவாள். கடைசி அத்தியாயத்தை முன்னாலேயே எழுதி வைத்துவிட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மண்டியைப் பூட்டிவிட்டுத் தனியாக பஸ் ஏறி மகாபலிபுரம் போகிறாள். கடலைப் பார்க்கிறாள், மிளகாய் பஜ்ஜி தின்கிறாள், வீடு திரும்புகிறாள். அவ்வளவுதான். இத்தனை வருடத்தில் நான் எழுதியதிலேயே எனக்குப் பிடித்தது அந்த அத்தியாயம்தான். அதை யாருக்கும் காட்டவில்லை.

பதிப்பாளருக்கு மட்டும் போனில் முடிவைச் சொன்னேன். "பஜ்ஜி தின்னுட்டுப் போறதுக்கு முந்நூறு பக்கமாம்மா?" என்றார். கல்யாணம் இல்லையென்றால் புத்தகம் இல்லை, கறாராகச் சொல்லிவிட்டார். வேண்டாம் போங்கள் என்று நானும் போனை வைத்துவிட்டேன்.

அவள் அவனிடம் மாட்டேன் என்று சொல்கிற யூடி வந்ததும் கமெண்டில் ஒரே ரகளை. ஒருத்தி என்னைக் கல்நெஞ்சக்காரி என்றாள். இன்னொருத்தி எனக்கு வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று விசாரித்தாள்.

அடுத்த வாரம் சென்டருக்கு ஒரு பெண் வந்தாள். நாற்பது வயது இருக்கும், கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டை. பதிவு விண்ணப்பம் அடிக்க வந்தவள் என்று நினைத்து, "மாப்பிள்ளை ஆதார் கொண்டுவந்தீங்களா?" என்று கேட்டேன்.

"மாப்புள்ளையே இல்லக்கா, ஆதாருக்கு எங்க போறது?" என்று சிரித்தாள்.

கூடுவாஞ்சேரியில் ஒரு ஸ்கேன் சென்டரில் டோக்கன் கொடுக்கிற வேலையாம். என் வாசகி. ரிஜிஸ்டர் ஆபீஸ் எதிரே டைப் அடிக்கிறேன் என்று என்றோ ஒரு கமெண்டில் உளறி வைத்திருந்தேன். அதை நினைவு வைத்துக்கொண்டு, இந்த வரிசையில் இருக்கிற கடையெல்லாம் ஏறி இறங்கி என்னைப் பிடித்துவிட்டாள். பையிலிருந்து ஒரு குங்குமப் பொட்டலத்தை எடுத்து நீட்டினாள்.

"திருவிடந்த போய்ட்டு வந்தேன்க்கா. அவ பேருக்கு அர்ச்சன பண்ணி மால வாங்கிகினு வந்துட்டேன்."

"எவ பேருக்கு?"

"நம்ம மண்டிக்காரி பேருக்குத்தான்."

திருவிடந்தைப் பெருமாளுக்குக் கல்யாணம் ஆகாதவர்கள் மாலை சாத்தி, அதைத் திரும்ப வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஒன்பது சுற்று சுற்றுவார்கள். அந்த மாலையை வீட்டில் வைத்திருந்து, கல்யாணம் ஆனதும் ஜோடியாக வந்து கோயிலிலேயே சேர்ப்பார்கள். எங்கள் பக்கத்தில் இது தெரியாதவர்கள் கிடையாது. ஆனால் நான் கீபோர்டில் தட்டி உண்டாக்கின ஒருத்திக்காக யாராவது போவார்களா?

"அர்ச்சகர் நட்சத்திரம் கேட்டிருப்பாரே?" என்றேன்.

"கேட்டாரு. பதினாலாவது யூடில அவங்கம்மா சொல்லுவாங்கல்ல, தீபத்தன்னிக்குப் பொறந்தவ, அதான் வாய் இப்டி எரியுதுன்னு? கிருத்திகைன்னு சொல்லிட்டேன். மாலய நானே போட்டுகினு ஒம்போது சுத்தும் சுத்துனேன். பாவம், அவளால வர முடியாதில்ல?"

எழுதின எனக்கே அந்த வரி மறந்துபோயிருந்தது. வந்ததே கோபம். "ஏம்மா, உனக்கு அறிவு இருக்கா? அவ கதையில வர்றவ. கல்யாணம் வேணாம்னு அவளே சொல்லிட்டா. நடுவுல நீ யாரு?" என்று கத்திவிட்டேன். மனு அடிக்க உட்கார்ந்திருந்த பெரியவர் மெதுவாக எழுந்து வெளியே போய்விட்டார்.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. பொட்டலத்தை மேசையில் வைத்தாள்.

"எம் மால பதினோரு வருஷமா ஆணிலயே தொங்கிகினு கீதுக்கா. பொங்கலுக்கு வெள்ள அடிக்கசொல்ல கயட்டி வெச்சிட்டு, திரும்ப மாட்டுவேன். வூட்லதான் ஒன்னும் நடக்கல. கதைலனா நடக்கட்டும்னு பாத்தா, நீயும் இப்டி பண்றியே?"

சொல்லிவிட்டு, ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள்.

காதல் கதை படிக்கிற பெண்கள் கனவில் மிதக்கிறார்கள் என்று மைக்கைப் பிடித்தவர்கள் எல்லாம் பேசுவார்கள். என்ன கனவு? தன் வீட்டுச் சுவரில் என்ன தொங்குகிறது என்று அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். எனக்கு என் மேலேயே எரிச்சல் வந்தது. வீட்டில் ஒருத்தர் டிவி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற எனக்குத் தனியாக பஜ்ஜி தின்பது சுகமாகத்தான் தோன்றும். மூன்று நாள் கதைப் பக்கமே போகவில்லை. நான்காவது நாள் கடைசி அத்தியாயத்தை அழித்துவிட்டுக் கல்யாணத்தை எழுதித் தளத்தில் போட்டேன். மண்டி வாசலிலேயே பந்தல், மூட்டைகள் மேல் உட்கார்ந்து லாரிக்காரர்கள் சாப்பிடுகிறார்கள். ஆத்திரத்தில் அழுதுகொண்டேதான் எழுதினேன். பதிப்பாளர் உடனே போன் பண்ணி, "இப்பத்தாம்மா கதை கதை மாதிரி இருக்கு" என்றார். கையோடு தலைப்பில் ஒரு நெஞ்சத்தையும் சேர்த்துவிட்டார்.

ஒரு மாதம் கழித்து சென்டர் நம்பருக்கு அவள் கூப்பிட்டாள்.

"க்கா, அவளுக்குத்தான் கல்யாணம் ஆயிடுச்சே, மாலய கொண்டுபோய் சேக்கணும்ல? அவங்க ரெண்டு பேரும் வர முடியாது. நீயாவது வா."

கர்மம் என்று தலையில் அடித்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுத்துக்கொண்டு திருவிடந்தைக்குப் போனேன். அவள் பஸ்ஸில் வந்து எனக்கு முன்னாலேயே நின்றிருந்தாள். கோயிலுக்குப் பின்னால் பழைய மாலைகள் கிடக்கிற மரத்தடிக்குக் கூட்டிப்போனாள். துணிக்கடைப் பையிலிருந்து மண்டிக்காரியின் மாலையை எடுத்து, பக்குவமாகப் போட்டுக் கும்பிட்டாள். அப்புறம் பைக்குள் மறுபடியும் கையை விட்டாள். இன்னொரு மாலை. பூ என்று சொல்ல அதில் ஒன்றும் இல்லை, வெறும் நாரும் தூசியும்.

"இது யாருது?"

"என்னுதுதான்."

"உனக்குத்தான் இன்னும்..." என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"ஆவலதான். அவ கல்யாணத்த படிச்சிட்டு ஒரு ஆட்டம் அய்தேன்க்கா. அய்து முடிச்சா, பேஜாரே உட்டுப்போச்சு. யாரோ ஒருத்திக்கு நல்லபடியா ஆச்சில்ல, போதும். அந்த ஆணில காலண்டர மாட்டிட்டேன்."

அதையும் மரத்தடியில் போட்டுவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டாள். அவளோடு ரோடு வரைக்கும் நடந்தேன்.

"நீ கெளம்புக்கா, வூட்ல அண்ணன் பாத்துகினு இருப்பாரு. நான் மகாபலிபுரம் போறேன். கடல பாத்துட்டு, மொளகா பஜ்ஜி துன்ட்டு, வூட்டுக்கு போவேன்."

"வண்டியிலதான் வந்திருக்கேன். கொண்டுபோய் விடட்டுமா?"

"வோணாம்க்கா. தனியா போவணும்னுதான் வந்தேன்."

பஸ் வந்தது, ஏறினாள், ஜன்னல் வழியாகக் கையாட்டினாள். அவள் அந்த அத்தியாயத்தைப் படித்ததில்லை. யாருமே படித்ததில்லை. நான்தான் அழித்துத் தொலைத்துவிட்டேனே, முட்டாள்.