ஓகூஸ் காட்சியகத்தில் தந்தையைச் சுமந்தவனின் ஜாடி

2009 ஜூன் மாதம், இலங்கையில் போர் முடிந்து நான்கு கிழமைகள் ஆகியிருந்தன. டென்மார்க்கின் கிரின்ஸ்டெட்டில் என்னோடு ஒரே தொழிற்சாலையில் வேலை செய்யும் நேசன் அண்ணை விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டில் முடங்கிக் கிடந்தார். வன்னியில் இருந்து வெளியேறும்போது, நடக்க முடியாத அவருடைய அப்பாவைத் தம்பி சீலன் ஒரு பதுங்குகுழிக்குள் விட்டுவிட்டு வந்தாராம். அப்பா அங்கேயே இறந்துபோனதாக ஊர்க்காரர் ஒருவர் சொல்லியிருந்தார். சீலன் இப்போது வவுனியா முகாமில். அவர் யாரிடமோ ஃபோன் வாங்கி மூன்று தரம் அழைத்தும் அண்ணை பேசவில்லை. அவரைக் கொஞ்சம் வெளியே கூட்டிப்போகத்தான் இந்தப் பயணம்.

ஞாயிறு காலை பத்தரைக்கு என் காரில் புறப்பட்டோம். ஓகூஸ் நகரத்துக்கு நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல், ஒன்றரை மணி நேரம். (ஞாயிறில் பஸ்ஸை நம்ப வேண்டாம்.) பல்கலைக்கழக வளாகத்தில் பழைய கிரேக்கப் பொருள்களுக்கென்று ஒரு சிறிய காட்சியகம் இருக்கிறது. பன்னிரண்டுக்குத் திறக்கிறார்கள், நுழைவு இலவசம்.

செம்மண் நிற ஜாடிகளில் கறுப்பு உருவங்கள். கண், தாடி, ஆடை மடிப்பு எல்லாம் அந்தக் கறுப்பின் மேல் கூரிய முனையால் கீறியவை. சிங்கத்தோடு மல்லுக்கட்டும் ஹெராக்ளீஸ், திராட்சைக் கொடிகளுக்கு நடுவே மதுக் கடவுள். அண்ணை பின்னால் வந்தார். முழங்கால் உயர ஜாடி ஒன்றின் முன்னால்தான் நின்றார். அதில் ஒரு வீரன் வெள்ளைத் தாடிக் கிழவரை முதுகில் சுமந்து போகிறான். பின்னால் ஒரு பெண்.

"இது ஆர்?"

டேனிஷ் குறிப்பை வாசித்துச் சொன்னேன். "ஈனியாஸ் எண்டு பேர். ட்ரோய் நகரம் எரியேக்க தேப்பனைத் தூக்கிக்கொண்டு ஓடினவனாம்."

"பார். தூக்கிறவன் தூக்கியிருக்கிறான்."

காவலுக்கு நின்ற மாணவி அருகே வந்தார். அண்ணையே அவரிடம் டேனிஷில் கேட்டார், அந்தப் பெண் யார் என்று.

"அவனுடைய மனைவி. ஓடும்போது பின்தங்கித் தவறிப்போனாள் என்று பிற்காலக் கதைகள் சொல்கின்றன. அவன் திரும்பிப் போய்த் தேடினான். உயிரோடு கிடைக்கவில்லை."

அண்ணை குனிந்து அந்தப் பெண்ணின் உருவத்தைப் பார்த்தார். பிறகு என்னிடம், "சீலன்ரை மனிசியும் பிள்ளையளும் தப்பிட்டினம், என்ன?" என்றார்.

"ஓம் அண்ணை. நாலு பேரும் முகாமிலைதான்."

இரண்டு மணிக்கு வெளியே புல்வெளியில் இருந்து சீலன் கூப்பிட்ட நம்பருக்கு அழைத்தார். அங்கே மாலை ஐந்தரை. சீலனைக் கூட்டிவரப் பத்து நிமிடம் ஆனது.

"நான்தான். அழாதை. சொல்லு."

அதன் பிறகு ஓம், ஓம் என்பது மட்டும்தான் கேட்டது. ஃபோனை வைத்துவிட்டு முகத்தைத் துடைத்தார்.

"சீலன்ரை சின்னவளுக்குக் காலிலை ஷெல் காயம். 'என்னை இறக்கிப்போட்டு அவளைத் தூக்கடா' எண்டு அப்பாதான் சொன்னவராம். இதைச் சொல்லத்தான் மூண்டு தரமும் எடுத்திருக்கிறான்."

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். கோடையில் நேரம் மாறும், கேட்டுவிட்டுப் போங்கள். குறிப்புகள் டேனிஷில் மட்டும்தான், சந்தேகம் என்றால் அங்கே நிற்பவர்களிடம் கேளுங்கள், பொறுமையாகச் சொல்கிறார்கள். அரை மணி நேரம் போதும் என்று நினைத்துப் போனோம், இரண்டு மணி நேரம் நின்றோம். ஒவ்வொரு ஜாடிக்கும் இரண்டு பக்கமும் படம் உண்டு, சுற்றிவந்து பாருங்கள். அண்ணை நின்ற அந்த ஈனியாஸ் ஜாடியின் மறுபக்கத்தில் என்ன இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.