பதினாறு கோடுகளில் இரண்டு

ஆம்பூரில் எங்கள் சபையின் கீபோர்டு ஒன்பது வருடம் என் கையில் இருந்தது. பள்ளிக்கூடத்தில் நான் கணக்கு டீச்சர். சுரம் தப்பாமல் வாசிப்பேன். அதில் எனக்குக் கர்வம் உண்டு, மறைப்பானேன்.

இரண்டாயிரமாவது ஆண்டு தாண்டி ஒரு வருடம், எங்கள் சபைப் போதகரான ஆயருக்கு மருமகள் வந்தாள். சென்னைப் பெண். துபாய் அண்ணன் வாங்கிக் கொடுத்த சிந்தசைசர் கீபோர்டும் சீரோடு வந்து இறங்கியது. முதல் பாட்டுப் பயிற்சியில் அவள் ஒரே ஒரு கட்டையை அழுத்திப் பிடித்தாள். சத்தம் தானாக எழும்பி, அடங்கி, துள்ளிக்கொண்டு ஓடியது.

"இது இன்னாமா, உள்ள யாராவது வாசிக்கிறாங்களா?" என்றேன்.

"ஸ்டெப் மாடுலேஷன் டீச்சர்," என்று சின்னத் திரையைக் காட்டினாள். பதினாறு கோடுகள் வரிசையாக நின்றன. கோடு உயரமென்றால் அந்த இடத்தில் சத்தம் ஜாஸ்தி, குட்டையென்றால் கம்மி. பதினாறும் முடிந்தால் மறுபடி முதலிலிருந்து. குமிழைத் திருகி எந்தக் கோட்டையும் ஏற்றலாம், இறக்கலாம்.

என் வயிறு எரிந்தது. நான் பத்து விரலும் தேய வாசித்தபோது தலைகூட ஆட்டாத, எங்கள் சபையின் ஷூ கம்பெனிப் பெண்கள், அவளுடைய ஒரு விரலைச் சுற்றி நின்றார்கள். கிறிஸ்துமஸ் காலையில் பாடகர்கள் கோயிலுக்குள் வரிசையாக நடந்து வரும்போது பாடும் பவனிப் பாட்டு எப்போதும் என்னுடையது. "இந்த வாட்டி மருமவ வாசிக்கட்டும் டீச்சர், நீங்க பாடறவங்களோட நில்லுங்க," என்றார் ஆயர். சரிங்க ஐயா என்றேன். அன்று வீட்டில் பாத்திரம் கழுவும்போது ஒரு டம்ளர் நெளிந்தது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மத்தியானம் அவள் சாப்பிடப் போயிருந்தாள். மற்றவர்கள் வாசலில் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் போய் ஐந்தாவது கோட்டையும் பதின்மூன்றாவது கோட்டையும் அடிவரை இறக்கினேன்; அந்த இரண்டு இடத்திலும் சத்தமே வராது. சேமிக்க அவள் எந்தப் பொத்தானை அழுத்துவாள் என்று முன்பே பார்த்து வைத்திருந்தேன்; அதையும் அழுத்தினேன். பாட்டு நொண்டட்டும், ஆயர் மறுபடி என்னைக் கூப்பிடட்டும் என்பதுதான் கணக்கு.

காலையில் நொண்டத்தான் செய்தது. அவள் முகம் வெளுத்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, இயேசு பிறந்த நாளில். அப்போது பின்வரிசையில் ஒரு கம்பெனிப் பெண், சத்தம் நின்ற இடத்தில் ஒரு கைதட்டு போட்டாள். அடுத்த இடைவெளியில் நாலு பேர் தட்டினார்கள். இரண்டாவது சரணத்தில் சபையே தட்டியது. என் ஒன்பது வருடத்தில் பவனிப் பாட்டுக்கு யாரும் கை தட்டியதில்லை.

ஆராதனை முடிந்ததும் மருமகள் என்னிடம் வந்தாள். "நேத்து யாரோ ரெண்டு கோட்ட எறக்கிட்டாங்க டீச்சர். மொதல்ல பேஜாராயிடுச்சி. யாருன்னு தெரிஞ்சா தேங்க்ஸ் சொல்லணும். எனக்கே இது தோணல."

திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்த முடியுமா? நான்தான் என்றால், ஏன் என்று கேட்பாள்.

"பசங்க யாராவது நோண்டியிருக்கும்மா," என்றேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவள் அதையே வாசித்தாள். ஆயர் மருமகள் தாளம் என்று அதற்குப் பெயரும் வைத்துவிட்டார்கள். ஐந்திலும் பதின்மூன்றிலும் எல்லோருக்கும் முந்தி என் கைதான் தட்டும்.