ஒருமுறை கேட்டுவிட்டு நின்ற சுற்று

பல்லேகலயில் ஒரு சிறிய நிறுவனத்தில் சிப்புகளுக்கான சுற்றுகளை வடிவமைப்பது என் வேலை. பயிற்சிக்காலம் முடிந்தும் நிரந்தரமாக்கவில்லை. மேலாளரிடம் கேட்டேன். பார்ப்போம் என்றார். கேட்டாயிற்று, இனி அவர் பாடு என்று சாதுவாக இருந்துவிட்டேன். நிரந்தரமாகாவிட்டால் தெல்தோட்டைத் தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்பி, தொழிலாளர் குடியிருப்பில் அம்மாவின் லயத்து அறையில் சும்மா உட்கார வேண்டியதுதான்.

அப்போது நான் செய்த சுற்று, நினைவகத்திடம் தரவு கேட்டு வாங்க வேண்டும். கணினியில் ஓட்டிப் பார்த்தேன், ஒழுங்காக வாங்கியது. ஆனால் எங்கள் சுற்றுகளைச் சோதிப்பவர் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர். அவர் எழுதிய நிரல் தானாகவே விதவிதமாகத் தொல்லை கொடுத்துப் பார்க்கும். அதனிடம் மாட்டிய என் சுற்று அசையாமல் நின்றுவிட்டது.

அக்கா திரையில் அலைக்கோடுகளைக் காட்டினார். கேட்பதற்கான கோடு ஒரு துடிப்புக்கு மட்டும் எழும்பி விழுந்திருந்தது. அந்த நேரம் நினைவகத்துக்கு வேறு வேலை. கேட்டதே அதற்குத் தெரியவில்லை. என் சுற்றோ பதில் வருமென்று காத்துக்கொண்டிருந்தது.

"பதில் வருமட்டும் கேட்டுக்கொண்டெல்லோ நிக்கோணும். ஏன் விட்டிட்டீர்?"

"ஒரு தடவ கேட்டா போதும்னு நெனச்சேன்க்கா. திரும்பத் திரும்பக் கேட்டா மரியாத இல்லையேன்னு..."

பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. தோட்டத்துத் துரையின் ஆபீஸ் வாசலில் ஒருமுறை சொல்லிவிட்டுக் கைகட்டி நிற்கிற எங்கள் பழக்கத்தை, பட்டம் வாங்கிய நான் சிப்புக்குள்ளும் கொண்டுபோய் வைத்திருக்கிறேன். வெட்கத்தில் முகம் எரிந்தது.

அக்கா சிரிக்கவில்லை. "உம்மை நிரந்தரமாக்கியாச்சோ?" என்று மெல்லக் கேட்டார்.

"கேட்டுருக்கேன்க்கா."

"எத்தினை தரம்?"

நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அழுத பிள்ளைதான் பால் குடிக்கும், தம்பி."

சுற்றைத் திருத்துவது பெரிய வேலையாக இல்லை. மேலாளரின் கதவு வரைக்கும் கூடப் போனேன். அவர் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். திரும்பி வந்து கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். அக்கா என்னைப் பார்த்தார், எழுந்து தானே மேலாளரின் அறைக்குள் போனார். மாலைக்குள் என் வேலை நிரந்தரமானது. நன்றி சொல்லக்கூட அக்காவின் முகத்தைப் பார்க்க முடியாமல் கூனிக்குறுகிப் போனேன்.

வார இறுதியில் வீட்டுக்குப் போய்ச் சொன்னதும் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"நீயே போயி கேட்டியாப்பா?"

"ஆமாம்மா. விடாம கேட்டேன்."

அம்மா அதை லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு போனாள். நான் உள்ளே கதவைச் சாத்திக்கொண்டேன்.