உடைத்துக் காட்டினால் போதும்

பழைய ரேடியோக்களைப் பழுது பார்த்து இணைய ஏலத்தில் விற்கும் ரேடியோக்காரருக்கு எதற்கெடுத்தாலும் மூக்குக்கு மேல் கோபம் வரும். ஏலத்தளம் ஒவ்வொரு முறை விதியை மாற்றும்போதும் வீட்டில் ஒரு நாற்காலியாவது கால் ஒடிந்து விழும். இந்த முறை வந்த விதி அவருடைய அடிமடியிலேயே கை வைத்தது. வாங்கிய பொருள் பிடிக்காதவர் அதைத் திருப்பி அனுப்ப வேண்டாமாம். உடைத்து வீடியோ அனுப்பினால் போதுமாம், பணம் திரும்பக் கிடைத்துவிடுமாம்.

முதல் வீடியோ வந்தது. அவர் ராப்பகலாக உட்கார்ந்து உயிர் கொடுத்த ரேடியோ சிமெண்ட் தரையில் கிடந்தது. சுத்தியல் இறங்கியது. மரப்பெட்டி பிளந்தது, கண்ணாடி தெறித்தது. முகம் காட்டாத அந்த ஆள் வெறி பிடித்தவன்போல் சாத்திக்கொண்டே இருந்தான்.

“உன் கையை முறிக்கிறேன்டா!” என்று கத்தி, ரேடியோக்காரர் மேசையை உதைத்துக் கவிழ்த்தார். விரல் முட்டி கிழிந்து ரத்தம் ஒழுகும்வரை சுவரில் குத்தினார்.

மனைவி போனை எடுத்துப் பார்த்தாள். “ஏங்க, பிடியில சிவப்பு டேப் சுத்தியிருக்கே. இது போன மாசம் நீங்க ஏலத்துல வித்த சுத்தியல்தானே?”

அவர் கை அந்தரத்தில் நின்றது.

“இப்பதான் அதுக்கு அஞ்சு ஸ்டார் போட்டிருக்கான். ‘ஒரு அடிகூட வீணாகல’ன்னு எழுதியிருக்கான்.”